மலாவி மீனும் எங்க வீட்டு போர் தண்ணியும்



எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன் நான். அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் ஊறப்போடும் வேலை செய்கிறார். போன வருஷம் மாமா பையன் சென்னை கொளத்தூரிலிருந்து ஆறு மஞ்சள் மீன்களைக் கவரில் கொண்டுவந்தான். “ஆப்பிரிக்காவில் மலாவி ஏரி மீன்டா, சிக்லிட் குடும்பம். கடின நீர்தான் இதுக்குப் பிடிக்கும்” என்றான்.

கடின நீரா? எங்க வீட்டு போர் தண்ணியில் சோப்பே நுரைக்காது! அப்படியே தொட்டியில் ஊற்றி, அன்றைக்கே மீனை விட்டேன். ஒன்பது நாளில் ஐந்து போய்விட்டது. “நாமளே வாயில வைக்காத தண்ணி, வாயில்லாத ஜீவன் எப்படிடா தாங்கும்?” என்றார் அம்மா.

முதலாண்டு கெமிஸ்ட்ரி லேபில் இ.டி.டி.ஏ. சோதனை செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அதே முறையில் எங்க தண்ணியைச் சோதித்தேன். டி.டி.எஸ். மீட்டர் காட்டிய எண்ணில் கால் பங்குகூட கடினத்தன்மை இல்லை. மீதி என்ன? அப்பாதான் சொன்னார்: “தோல் கெடாம இருக்க உப்புதானே போடறாங்க. ஊறவெச்ச தண்ணி பூரா அந்த உப்புதான்.”

கடினத்தன்மை என்பது கால்சியம், மக்னீசியம். சாப்பாட்டு உப்பு சோடியம். மீட்டர் இரண்டையும் பிரித்துக் காட்டாது. மலாவி ஏரி நீரில் கரைந்த உப்புகள் மொத்தமே லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கும் குறைவு. டேனரிக் கழிவால் பாலாற்றுப் பக்க நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் பேசியிருக்கிறது.

இரண்டாவது தப்பு என்னுடையதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்ற நல்ல பாக்டீரியா வேண்டும். அது பில்டரில் வளர ஒரு மாதமாவது ஆகும். பிஎச் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். இந்த மீனுக்கோ பிஎச் 7.8 முதல் 8.6 வரை தேவை!

இப்போது செய்வது இதுதான்:

தொட்டி: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 250 லிட்டர். ஸ்டாண்டு பலமாக இருக்கட்டும்.

தண்ணீர்: மாடியில் பிடித்த மழைநீர். அடியில் கழுவிய கிளிஞ்சல் (சுட்ட சுண்ணாம்பு கூடவே கூடாது). அது மெல்லக் கரைந்து பிஎச்சைத் தாங்கும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றணும்.

கல்: பொந்து பொந்தாக அடுக்குங்கள். கண்ணாடித் தரையில் முதலில் கல், பிறகே மணல். இல்லையேல் மீன் தோண்டிக் கல் சரியும்.

மீன்: குஞ்சில் ஆண், பெண் தெரியாது. ஒரே வகையில் எட்டு வாங்கி, வளர்ந்ததும் ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்று பிரிக்கலாம். இல்லாவிட்டால் அடிதடிதான்.

போன மாதம் ஒரு தாய்மீன் சாப்பிடாமல் வாயை உப்பிக்கொண்டு நின்றது. நோய் என்று பயந்தேன். வாய்க்குள் முட்டை! சுமார் மூன்று வாரம் அப்படியே காக்கும். குஞ்சு வெளியே வந்த அன்று அப்பா ஷிப்டுக்குக்கூட லேட்டாகத்தான் போனார்.

நண்பர்களே, மீன் வளர்க்காவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள். லேபில் சேர்ந்து சோதிப்போம். நாம் படித்த படிப்பு நம் வீட்டுக் குழாயிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.