மிருதங்க வகுப்பும் ராப் பாட்டும்: கெட்டுப்போகுதா, வளருதா?

சனிக்கிழமை காலை ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீடுகளில் நடக்கிற கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு, மற்றதுக்கு மிருதங்கம். வெளியே பனி. அப்பா காரைச் சூடாக்கிக்கொண்டு அவசரப்படுத்துவார். அதே மகன் பின்னேரம் தன் அறைக்குள் கணினியில் ஒரு ராப் தாளத்தை ஓடவிட்டு, அதற்கு மேல் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருப்பான். குசினிக்குள் நிற்கிற அம்மம்மாவுக்குப் பொறுக்காது.

“இதுக்கே இவ்வளவு காசைக் கொட்டிப் பழக்கினது?”

“அம்மம்மா, இதுவும் ஆதி தாளம்தான். எண்ணிப் பாருங்கோ!”

அம்மம்மாவின் பயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். வீட்டையும் வளவையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கையில் மிஞ்சியது மொழியும் கலையும்தான். அதுவும் கைமாறும்போது உருமாறினால், பிறகு நம்மிடம் என்ன இருக்கப்போகிறது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பேரன் சொன்னதிலும் பொய் இல்லை.

எண்ணிப் பார்த்தால்...

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு இரண்டு தரம் தட்டும் வீச்சும். ராப் இசை பெரும்பாலும் நான்கு நான்காக ஓடும். இரண்டு நாலு சேர்ந்தால் எட்டு. ஒரு ஆவர்த்தனம் முடிந்தது. அதனால்தான் மிருதங்கம் அதில் இடறாமல் உட்காருகிறது.

இன்னொரு உறவும் உண்டு. நம் கொன்னக்கோலில் ‘தகதிமி, தகஜொணு’ என்று வாயாலேயே தாளம் சொல்கிறோம். சொற்கட்டு எங்கே நெருக்கமாக வரவேண்டும், எங்கே மூச்சு விடவேண்டும், எந்த இடத்தில் வந்து விழவேண்டும் என்பதெல்லாம் கணக்கு. ராப் பாடுகிறவரும் அந்த மாதிரிக் கணக்கைத்தான் சொற்களை வைத்துப் போடுகிறார். இரண்டு மரபும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. ஆனால் சந்தித்தபோது கதைக்க ஒரு பொது மொழி இருந்தது.

இரண்டு ஆகஸ்ட் 11

1973 ஆகஸ்ட் 11. நியூயோர்க்கின் ப்ரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு பெண் பிள்ளை பார்ட்டி வைக்கிறாள். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன், கூல் ஹேர்க். ஜமேக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்த குடியேறி. ஒரு பாட்டில் மேளம் மட்டும் தனியாக வருகிற இடத்தை, இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினார். ஹிப்ஹொப் பிறந்த நாள் என்று இன்று உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். பெரிய ஒலிபெருக்கிகளை வைத்துத் தெருவில் இசை போடுகிற ஜமேக்கப் பழக்கத்தை அவர் தன்னோடு கொண்டுவந்திருந்தார்.

சரியாக 13 வருடம் கழித்து, 1986 ஆகஸ்ட் 11. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு வந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவர்களும் ஒரு பகுதி. ரொறன்ரோவில் நம்மவர்கள் முதலில் கூடி இருந்தது சென்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடங்களில். பிறகு ஸ்காபரோ.

அந்த மாடிக் கட்டடங்களில் பக்கத்துக் கதவு யாருடையது? ஜமேக்கா, ட்ரினிடாட், கயானாவிலிருந்து வந்த குடும்பங்களுடையது. ஒரே லிஃப்ட், ஒரே பள்ளிக்கூட பஸ், ஒரே கூடைப்பந்துத் திடல். 1967இலிருந்து கரிபியன் மக்கள் நடத்துகிற கரிபானா ஊர்வலம் ஒவ்வொரு கோடையிலும் இந்த நகரத்தை ஆட்டி வைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ராப் தொலைக்காட்சியில் மட்டும் வரவில்லை, நடைபாதையில் நின்றே வந்தது.

ரொறன்ரோவிலிருந்து சென்னைக்கு

யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதில் அகதியாகக் கனடா வந்தவர் ராப் கலைஞர் ஷான் வின்சன்ட் டி போல். மிருதங்கம் பழகிய இசையமைப்பாளர் யாஞ்சனோடு சேர்ந்து ‘மிருதங்கம் ராப்ஸ்’ என்ற வீடியோக்களைச் செய்தார். பெரிய மேடை அலங்காரம் எதுவும் இல்லை. ஒருவர் வாசிக்கிறார், ஒருவர் சொல்கிறார். இணையத்தில் அது தமிழ்நாடு வரை போனது.

2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘நீயே ஒளி’ பாட்டில் ஷானின் குரல் ஒலித்தது. கதை 1970களின் வடசென்னைக் குத்துச்சண்டை. அந்தக் குத்துச்சண்டையே வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. வடசென்னை உழைக்கும் மக்கள் அதைத் தங்கள் ‘பரம்பரை’யாக்கிக்கொண்டார்கள். ஆக, ஆங்கிலேயரின் விளையாட்டுக்கு ஈழத்தில் பிறந்த கனடியத் தமிழர் ஒருவர் ப்ரொங்ஸில் தொடங்கிய முறையில் பாட, தமிழ்நாட்டு இளைஞர்கள் கொண்டாடினார்கள். கலாசாரம் ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது?

அப்ப எதுதான் ‘தூய’ பாரம்பரியம்?

இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைக்க முடியுமா? அது ஐரோப்பிய வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதைக் கற்றுக்கொண்டு நம் இசைக்குள் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கில பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். அவை ‘நோட்டுஸ்வரம்’ என்ற பெயரில் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன.

மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து நாம் நடத்துகிற பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் ஒரு கதை உண்டு. தேவதாசி மரபுப் பெண்களும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்த சதிர், 1930களில் புதுப் பெயரோடும் புது மேடையோடும் வேறு கைகளுக்குப் போனது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். கலை உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அதை உருவாக்கிய சமூகத்துப் பெண்களில் பலர் மேடைக்கு வெளியே நின்றார்கள்.

மிருதங்கமும் அப்படித்தான். பலாமரக் கட்டை, மாட்டுத் தோல், ஆட்டுத் தோல். அதைச் செய்கிற கைகளில் பெரும்பகுதி தலித் கிறிஸ்தவக் கைவினைஞர்களுடையவை. வித்துவான்களின் பெயர் தெரிந்த நமக்கு, செய்தவர் ஒருவரின் பெயராவது தெரியுமா? டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற புத்தகத்தில் அவர்களைப் பற்றித்தான் எழுதினார்.

கலை மாறுவதால் மட்டும் கெட்டுப்போவதில்லை. யாரிடமிருந்து வாங்கினோம் என்பதை மறக்கும்போதுதான் கெட்டுப்போகிறது. இது ராப்புக்கும் பொருந்தும். கறுப்பின மக்கள் உருவாக்கிய இசைக்கு ஆடுகிற நம் வீடுகள் சிலவற்றில், அதே மக்களை இழிசொல்லால் குறிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கலப்பதற்கு முதல் கற்கட்டும். அடிப்படைப் பாடங்களில் கை உறுதியானால்தான் எங்கே மீறலாம் என்று தெரியும். அவசரப்பட்டு வகுப்பை நிறுத்தாதீர்கள். அதே நேரம், வகுப்புக்கு வெளியே அவன் செய்கிற சோதனைகளுக்குத் தடை போடாதீர்கள்.

கதையையும் சேர்த்துக் கொடுங்கள். ஒன்ராறியோவில் 2014இலிருந்தும், கனடா முழுக்க 2016இல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய பிறகும், ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். இரண்டும் அடுத்தடுத்து வருவது நல்ல வசதி. ஜனவரியில் சதிரின் கதை, பிப்ரவரியில் கூல் ஹேர்க்கின் கதை. சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடம் போதும்.

கடைசியாக, அம்மம்மாவைக் கூப்பிட்டு அந்த அறைக்குள் இருத்துங்கள். ராப் அவருக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை. விரல் மடக்கி எண்ணத் தெரிந்தவர் அவர். பேரன் எட்டாவது எண்ணிக்கையில் பிந்தி விழுந்தால், “டேய், சமத்திலை வந்து விழேல்லை, திரும்ப வாசி” என்று சொல்ல அந்த வீட்டில் அவரை விட்டால் வேறு யார் இருக்கினம்?