முதல் குறும்படம்: எங்கிருந்து தொடங்குவது?

இயக்குநராக வேண்டும் என்ற ஆசை நம் மாணவர்களில் பலருக்கு உண்டு. ஆனால், படம் என்றதும் மனம் கோடம்பாக்கத்திற்குப் பறந்துவிடுகிறது. நாயகன் அறிமுகம், வெளிநாட்டுப் பாடல், பத்துப் பேரை அடிக்கும் சண்டை! ஆயிரம் வெள்ளியில் இவற்றை எடுக்க முடியாது. எடுத்தாலும், அதைவிட நன்றாக எடுத்த படங்கள் ஏராளமாக இருக்கின்றன.

நம் நாட்டிலேயே வேறு வழியில் சென்றவர்கள் உண்டு. தீபக் குமரன் மேனன் 2005-இல் வெளிவந்த 'செம்மண் சாலை'யை டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். 1960-களின் ரப்பர்த் தோட்டத்தில், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. அனைத்துலகத் திரைப்பட விழாக்கள் வரை அது சென்றது. 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தலைப்பே, 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் வாயில் உருமாறியதுதான். 2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியதற்கு எதிர்ப்பு எழுந்தது. விதி மாற்றப்பட்டது. இறுதியில் சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' தேர்வானது.

இந்தப் படம் நமக்குக் கற்றுத் தருவது முக்கியமாக வசனத்தைத்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் கட்டுரைத் தமிழ் எழுதினோம். இடைநிலைப்பள்ளியில் மலாயும் தமிழும் கலந்து பேசினோம். பேனாவை எடுத்தால் மட்டும் நம் கதாபாத்திரங்கள் மதுரைக்காரர்களாகிவிடுகிறார்கள்! கூலாயில் வளர்ந்த பையன், "சிகு ஏசுனாரு, மோட்டோர எடு, பாசார் மாலாம் போலாம்" என்றுதான் சொல்வான். அதை அப்படியே எழுதுங்கள். 'தமிழ்க் கொலை' என்று சிலர் முகம் சுளிக்கலாம். அறிவிப்பாளர் தூய தமிழில் பேசட்டும். அந்தப் பையன் பேசினால் பொய்யாகிவிடும். நம் பேச்சை நாம் பதிவு செய்யாவிட்டால் கோடம்பாக்கமா வந்து பதிவு செய்யும்?

கதையை ஐந்து பக்கத்திற்குள் அடக்குங்கள். திரைக்கதையின் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது பொதுக்கணக்கு. இரண்டு மூன்று பாத்திரங்கள், கேட்டால் கிடைக்கக்கூடிய ஓர் இடம் போதும். இஸ்கண்டார் புத்ரியில் 'மார்கோ போலோ' தொடர் எடுக்கப்பட்ட பெரிய படப்பிடிப்பு வளாகம் இருக்கிறது. நமக்குப் பாட்டி வீட்டு அஞ்சடியே வளாகம்.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே, கையிலிருக்கும் பணத்தை முதலில் ஒலிக்குச் செலவிடுங்கள். சட்டையில் மாட்டும் சிறிய ஒலிவாங்கி நல்லது. அதுவும் இல்லையென்றால், இன்னொரு கைத்தொலைபேசியில் ஒலியைப் பதிவு செய்து நடிகரின் பையில் வையுங்கள். காட்சி தொடங்கும்போது கேமரா முன் ஒருமுறை கைதட்டினால், பிறகு படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்தலாம். காற்றாடியை நிறுத்துங்கள். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு இடையே உள்ள ஓட்டையை அது அடைக்கும்.

ஜொகூரில் நண்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து விழும். கண்கள் இரு குழிகளாகத் தெரியும். காலை பத்துக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ எடுப்பது நல்லது. பிற்பகல் மழைக்காக வீட்டுக்குள் எடுக்கும் காட்சி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

1981-ஆம் ஆண்டு ஃபினாஸ் சட்டம் படத் தயாரிப்பு, விநியோகம், திரையிடல் மூன்றுக்கும் உரிமம் கேட்கிறது. வெளியிடங்களில் எடுக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தோட்டத்திற்குள் நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் நுழையவே வேண்டாம்.

குறும்படம் வெறும் பயிற்சிதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியில் கலந்துகொண்ட கார்த்திக் சுப்புராஜ் பொறியியல் படித்தவர். அவருடைய முதல் படம் 'பீட்சா' 2012-இல் வெளிவந்தது. பொறியியல் நண்பர்கள் கவனிக்க!

எடுத்த படத்தை முதலில் இருபது பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். அப்போது திரையைப் பார்க்காதீர்கள், பார்ப்பவர்களைப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் கைத்தொலைபேசியை எடுக்கிறார்களோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் வெட்டுங்கள்.