விலை உயர்ந்த கல்லூரியில் செலவு குறைவு!

அமெரிக்காவில் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு கடையில் புடவைக்கு நூறு ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. பணக்காரர் வந்தால் நூறு ரூபாயும் வாங்குகிறார்கள். ஏழை வந்தால் பத்து ரூபாய்க்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். இப்படி ஒரு கடை உலகத்தில் உண்டா?

உண்டு! அமெரிக்காவில் இருக்கிறது. ஆனால் அது புடவைக் கடை அல்ல; கல்லூரி!

அங்கே பெரிய தனியார் கல்லூரிகள் பலவற்றில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. நம் பணத்தில் 60 லட்சம் ரூபாயைத் தாண்டும். பட்டம் வாங்க 4 ஆண்டு படிக்க வேண்டும்.

இந்தத் தொகையைப் பார்த்ததும், "இது நமக்கு எட்டாது" என்று பல பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளையும் மனுப் போடாமலே இருந்துவிடுகிறது. இதில்தான் நஷ்டம்.

இரண்டு விலை

கல்லூரிக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, அச்சடித்த விலை. மற்றொன்று, உதவித்தொகை போகக் குடும்பம் கட்ட வேண்டிய விலை. இரண்டாவதுதான் முக்கியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் கல்லூரியின் கட்டணம் 85 ஆயிரம் டாலர். அது 65 ஆயிரம் டாலர் உதவி கொடுக்கிறது. குடும்பம் கட்டுவது 20 ஆயிரம். இரண்டாவது கல்லூரியின் கட்டணம் 45 ஆயிரம்தான். ஆனால் உதவி 15 ஆயிரம். கட்ட வேண்டியது 30 ஆயிரம். எது மலிவு? விலை உயர்ந்த கல்லூரிதான்!

இந்த இரண்டாவது விலையை முன்கூட்டியே ஓரளவு அறிய வழி இருக்கிறது. அங்கே கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் ஒரு கணக்குக் கருவி வைத்திருக்கின்றன. 2011-ம் ஆண்டு முதல் சட்டப்படி இது கட்டாயம். வருமானம், சொத்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற விவரங்களைக் கொடுத்தால், உத்தேசமாக என்ன செலவாகும் என்று அது சொல்லிவிடும். மனுப் போடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பழைய மாணவர்களும் செல்வர்களும் கொடுத்த நன்கொடைதான் மூலதனம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நிதி 5 ஆயிரம் கோடி டாலருக்கும் அதிகம்! அந்த முதலில் வரும் வருமானத்திலிருந்து ஏழை மாணவர்களுக்கு உதவி கிடைக்கிறது.

வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்து, சொத்தும் அதிகம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாச் செலவும் இலவசம் என்று ஹார்வர்டு 2025-ல் அறிவித்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001-லேயே, உதவியில் கடனைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது.

கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்று ஒரு கல்லூரி இருக்கிறது. 1892 முதல் அங்கே மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வாரம் 10 மணி நேரமாவது கல்லூரியில் வேலை செய்ய வேண்டும்.

ஆனால் எல்லாக் கல்லூரிக்கும் இத்தனை வசதி கிடையாது. "இந்தக் குடும்பத்துக்கு 50 ஆயிரம் தேவை" என்று கணக்கிட்டு, 30 ஆயிரம் மட்டும் கொடுக்கும் கல்லூரிகளும் உண்டு. ஆகவே, "தேவை முழுவதையும் கொடுப்பீர்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதத்தில் ஒளிந்திருக்கும் கடன்

இடம் கிடைத்ததும் உதவிக் கடிதம் வரும். "உங்களுக்கு 60 ஆயிரம் டாலர் உதவி!" என்று அதில் இருக்கும். உடனே துள்ளிக் குதிக்கக் கூடாது. அந்த 60 ஆயிரத்தில் இனாம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இனாம் திருப்பிக் கொடுக்க வேண்டாதது. கடன், பட்டம் வாங்கிய பிறகு வட்டியோடு துரத்தும்.

இனாம் 4 ஆண்டும் கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால் சில உதவிகள் நின்றுவிடும்.

அவசர ஒப்பந்தம்

"இடம் கொடுத்தால் உங்கள் கல்லூரியில்தான் சேருவேன்" என்று எழுதிக் கொடுத்து முன்கூட்டியே மனுப் போடும் முறை ஒன்று உண்டு. உதவி தேவைப்படுவோர் இதில் யோசித்துக் கால் வைக்க வேண்டும். உதவி போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்பது வாஸ்தவம். ஆனால் பல கல்லூரிகளின் கடிதங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு போய்விடும்.

நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது

இங்கிருந்து போகும் மாணவருக்கு அமெரிக்க அரசாங்க உதவி கிடையாது. கல்லூரி கொடுத்தால்தான் உண்டு. பல கல்லூரிகளில், உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில மட்டும் வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பாராமல் தேர்ந்தெடுக்கின்றன. பிறகு வேண்டிய உதவியையும் கொடுக்கின்றன. ஆனால் அங்கே போட்டி கடுமை. ஹார்வர்டில் நூறு பேர் மனுப் போட்டால், ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை!

"முதலில் சேர்ந்துவிடுவோம், பிறகு உதவி கேட்போம்" என்று நினைப்பதும் ஆபத்து. சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகள் பின்னால் உதவி கொடுப்பதில்லை. விசா வாங்கும் முன், முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்டியாக வேண்டும்.

மூன்று வகை

ஆகவே, மனுப் போடும் பட்டியலில் மூன்று வகைக் கல்லூரிகள் இருக்க வேண்டும்.

ஒன்று: முழு உதவி கொடுக்கும் பெரிய கல்லூரி. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டு: நம் பிள்ளையின் மதிப்பெண் அங்குள்ள மாணவர்களைவிட உயர்ந்திருக்கும் கல்லூரி. திறமைக்காகவே உதவித்தொகை கொடுக்கும் கல்லூரிகள் இந்த வகையில் பல உண்டு.

மூன்று: உதவி ஒன்றும் வராவிட்டாலும் குடும்பத்தால் கட்ட முடிந்த கல்லூரி. அமெரிக்கக் குடும்பத்துக்கு அது சொந்த மாநிலத்து அரசாங்கக் கல்லூரியாக இருக்கும். நம் பிள்ளைக்கு அது நம் ஊர்க் கல்லூரியாகவே இருக்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மனு எழுத உட்காரும் முன், தாயும் தந்தையும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, "நம்மால் ஆண்டுக்கு இவ்வளவுதான் முடியும்" என்று மனம் விட்டுச் சொல்லிவிட வேண்டும். இடம் கிடைத்த பிறகு "பணம் இல்லை" என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்!