கல்விக் கடன்: மனமில்லையா, வழியில்லையா?

எர்ணாகுளம்: கல்விக் கடன் பெற்றுப் படித்த பட்டதாரிகள் அதைத் திருப்பிச் செலுத்துவதில் அக்கறை காட்டுவதில்லை என்பது வங்கிகளின் நெடுநாள் புகார். அது முழு உண்மையல்ல என்பதற்கு எர்ணாகுளத்திலேயே சான்றுகள் உண்டு.

2011 இறுதியிலும் 2012-லும் இம்மாவட்டத்தின் தனியார் மருத்துவமனைகளில் செவிலியர்கள் தொடர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். அவர்களில் பலர் கல்விக் கடனில் படித்தவர்கள். கடனைக் கட்டமாட்டோம் என்று அவர்கள் கூறவில்லை. கட்டுவதற்கேற்ற ஊதியம் கொடுங்கள் என்றே கேட்டனர்.

கணக்கு எளிது. 4 லட்சம் ரூபாய்க் கடனை 12 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளில் அடைக்க, மாதத் தவணை சுமார் 7 ஆயிரம் ரூபாய். அன்று பல செவிலியரின் முழு மாத ஊதியமே இத்தொகையை எட்டவில்லை. தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சம் 20 ஆயிரம் ரூபாய் ஊதியம் நிர்ணயித்து கேரள அரசு அறிவிக்கை வெளியிட்டது 2018-இல்தான்.

இதற்கிடையே, 2017-இல் அம்மாநில அரசு 900 கோடி ரூபாய் மதிப்பில் கடன் அடைப்பு உதவித் திட்டத்தை அறிவித்தது. வாராக் கடனாகிவிட்ட, 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் 60 சதவீதத்தை அரசு ஏற்கும். 40 சதவீதத்தைக் கடன் பெற்றவர் செலுத்த வேண்டும். ஒழுங்காகத் தவணை செலுத்துவோருக்கும் முதலாண்டில் 90 சதவீதம், பின்னர் 75, 50, 25 என நான்காண்டுகளுக்கு உதவி உண்டு. நாணயமாகக் கட்டியவர் ஏமாளியாகக் கூடாது என்ற நியாயம் இதில் இருந்தது.

தமிழகத்தில் அரசியல் கட்சிகள் பேசியது தள்ளுபடியை. 2021 சட்டப்பேரவைத் தேர்தல் அறிக்கையில் தி.மு.க. அவ்வாக்குறுதியை அளித்தது. ஆனால், தேசிய வங்கி கொடுத்த கடனை மாநில அரசு ரத்து செய்ய இயலாது. தன் கருவூலத்திலிருந்து கட்டத்தான் இயலும். தள்ளுபடியை எதிர்பார்த்துத் தவணையை நிறுத்துபவருக்கு வட்டி ஏறுவதுடன், கடன் தகுதி மதிப்பெண்ணும் சரிகிறது.

அதன் விளைவு 2023 மே மாதம் கேரள உயர்நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. பழைய கடன் நிலுவையால் மதிப்பெண் குறைந்த மாணவர் ஒருவருக்கு வங்கி கல்விக் கடன் மறுத்திருந்தது. மதிப்பெண் குறைவை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, மனிதாபிமான அணுகுமுறை தேவை என்று கூறிய நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன், 4,07,200 ரூபாயை வழங்க உத்தரவிட்டார். வங்கிகளின் விதிமுறைகளுக்கு இது முரணானது என்ற வங்கித் தரப்பின் வாதமும் புறக்கணிக்கத்தக்கதல்ல. கடனாகத் தரப்படுவது பொதுமக்களின் வைப்புத்தொகை.

மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 75 சதவீத உத்தரவாதம் உண்டு. அது வங்கியின் இழப்பை ஈடுசெய்யும். வேலை கிடைக்காத பட்டதாரியின் கடனைத் தீர்க்காது.

ஆஸ்திரேலியாவில் 1989 முதலே, வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய பிறகுதான் கல்விக் கடன் வரியுடன் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. இங்கோ படிப்பு முடிந்து சலுகைக் காலம் கடந்ததும், வேலை கிடைத்ததோ இல்லையோ, தவணை தொடங்கிவிடுகிறது. நாட்காட்டியைப் பார்த்துத் தவணை கேட்பதா, சம்பளத்தைப் பார்த்துக் கேட்பதா என்பதை நாடாளுமன்றம் விவாதித்தாக வேண்டும். கட்ட முடிந்தும் கட்டாதவர் யார், கட்ட வழியற்றவர் யார் என்பது அப்போதுதான் தெளிவாகும்.