கையுறைக்கு எதுக்கு ஹலால் முத்திரை?

ஹலால்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பிரியாணிக் கடை போர்டு, இல்லன்னா கறிக்கடை. ஆனா இந்தோனேசியாவுல 2026 அக்டோபர் 17-க்கு அப்புறம் காயத்துக்குக் கட்டுற துணி, டாக்டர் போடுற கையுறை மாதிரியான சாதாரண மருத்துவப் பொருட்களுக்கும் இந்தக் கேள்வி வருது. "கையுறையை யாரு சாப்பிடப் போறா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுக்கான பதில்தான்.

முதல்ல சட்டத்தைப் பார்த்துடுவோம். இந்தோனேசியாவுல ஹலால் சான்றிதழ் ரொம்ப வருஷமா விருப்பம் இருந்தா வாங்கிக்கிற விஷயமா இருந்துச்சு. 1989-ல அங்க இருக்கிற உலமா கவுன்சில் இதுக்குன்னு ஒரு பரிசோதனை அமைப்பைத் தொடங்கி நடத்திட்டு வந்தது. 2014-ல வந்த 33-ஆம் எண் சட்டம் இதைக் கட்டாயமா மாத்திடுச்சு. பொறுப்பு பிபிஜேபிஹெச்ங்கிற அரசு அமைப்பு கைக்குப் போச்சு. சட்டம் சாப்பாட்டோட நிக்கல. மருந்து, அழகுசாதனம், உடம்புல போடுற, கையில எடுத்துப் பயன்படுத்துற பொருள் எல்லாத்தையும் உள்ள கொண்டுவந்துச்சு.

எல்லாத்தையும் ஒரே நாள்ல அமல்படுத்தினா நாடே ஸ்தம்பிச்சுடும். அதனால கட்டம் கட்டமா கெடு வச்சாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஃபேஸ்டு ரோல்அவுட். மருத்துவக் கருவிகளை ஆபத்தோட அளவை வச்சு ஏ, பி, சி, டி-ன்னு நாலு வகுப்பா பிரிக்கிறாங்க. ஏ-ன்னா குறைஞ்ச ஆபத்து, டி-ன்னா ரொம்ப அதிகம். 'ஏ' வகுப்புக்கு 2026, 'பி'-க்கு 2029, 'சி'-க்கு 2034. மூணுமே அக்டோபர் 17. குறைஞ்ச ஆபத்துல இருந்து தொடங்குறதுல ஒரு லாஜிக் இருக்கு. காயத்துணி ஒரு பிராண்ட் கிடைக்கலன்னா இன்னொண்ணை எடுத்துக்கலாம். இதய வால்வுல அப்படி விளையாட முடியாது.

சரி, கையுறைக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? ரப்பர் கையுறை செய்யும்போது, கை வடிவத்துல இருக்கிற அச்சை முதல்ல ஒரு ரசாயனக் கரைசல்ல முக்குவாங்க. செஞ்ச கையுறை அச்சுல ஒட்டாம உரிஞ்சு வரணும்னு அந்தக் கரைசல்ல கால்சியம் ஸ்டீரேட் சேர்க்கிறது வழக்கம். அதுக்கு ஸ்டீரிக் அமிலம் வேணும். அந்த அமிலத்தைப் பாமாயில்ல இருந்தும் எடுக்கலாம், மாட்டுக் கொழுப்புல இருந்தும் எடுக்கலாம். கையுறையைப் பார்த்தா எதுன்னு தெரியாது. பல நேரம் கையுறை கம்பெனிக்கே தெரியாது, ஏன்னா அவங்க மூட்டையா வாங்கிட்டு வர்றாங்க. கோடு எழுதுறவங்களுக்கு இது பழகின தலைவலிதான். நாம சேர்க்கிறது ஒரே ஒரு லைப்ரரி, அது தன்னோட இன்னும் நாப்பதை இழுத்துட்டு வரும். ஹலால் தணிக்கை கேட்கிறது அந்த டிபெண்டன்சி மரத்தோட வேர் வரைக்கும்.

"பன்றி இல்லாம இருந்தா போதுமே?"ன்னு தோணும். போதாது. மாடா இருந்தாலும் முறைப்படி அறுக்கப்பட்ட மாடான்னு பார்க்கணும். உற்பத்தி செய்யற இடமும் கருவிகளும் ஹலால் அல்லாத பொருளோட கலக்கக் கூடாது. தயாரிப்பு முறையும் கணக்குல வரும். இதுக்கு இந்தோனேசியாவுல பிரபலமான உதாரணம் 2001-ல நடந்த அஜினோமோட்டோ விவகாரம். சுவையூட்டியை உருவாக்கற பாக்டீரியாவுக்குக் கொடுத்த ஊட்டப்பொருளைத் தயாரிக்கப் பன்றியில இருந்து எடுத்த என்சைம் பயன்பட்டிருந்தது. கடைசிப் பொருள்ல பன்றி இல்லைன்னு வாதம் வந்துச்சு. அப்போ அதிபரா இருந்த அப்துர்ரஹ்மான் வாஹிதே அது ஹலால்தான்னு சொன்னார். உலமா கவுன்சில் ஒத்துக்கல. ஒரு பொருள் முழுசா வேற பொருளா மாறிட்டா தீட்டு போயிடுமான்னு இஸ்லாமியச் சட்ட மரபுகளுக்குள்ளயே ரெண்டு பார்வை இருக்கு. ஹனஃபி மரபு இதுல கொஞ்சம் தாராளம், ஷாஃபி மரபு கண்டிப்பு. இந்தோனேசியாவுல பெரும்பான்மை ஷாஃபி. நம்ம ஊர் முஸ்லிம்கள்லயும் இந்த ரெண்டு மரபுக்காரங்களும் இருக்காங்க.

ஆனா ஒண்ணு, எல்லா கருவிக்கும் இந்தக் கட்டாயம் கிடையாது. விலங்குல இருந்து வந்த பொருள் இருந்தாத்தான். முழுக்க ஸ்டீல்ல செஞ்ச இடுக்கிக்குச் சான்றிதழ் தேவையில்ல. அதனால ஒரு கம்பெனி முதல்ல செய்ய வேண்டியது விண்ணப்பம் போடறது இல்ல, தன் பொருள்ல என்னென்ன இருக்குன்னு பட்டியல் எடுக்கறது.

அப்புறம்தான் நடைமுறை. பிபிஜேபிஹெச்-கிட்ட விண்ணப்பம், பரிசோதனை அமைப்போட தணிக்கை, ஹலாலா இல்லையான்னு மார்க்கத் தீர்ப்பு, கடைசியா சான்றிதழ். கம்பெனிக்குள்ள இதைக் கவனிக்க ஒரு ஹலால் மேற்பார்வையாளரும் வேணும். முன்னாடி சான்றிதழுக்குக் காலாவதி தேதி இருந்தது. இப்போ மூலப்பொருளும் தயாரிப்பு முறையும் மாறாத வரைக்கும் செல்லும். சப்ளையரை மாத்தினா சத்தமில்லாம கடந்து போக முடியாது. சுகாதார அமைச்சகத்தோட விற்பனை அனுமதி இதுல சேராது, அது தனி வாசல்.

இப்போ லேபிளுக்கு வருவோம். நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிற இடம் இதுதான். ஹலால் இல்லாத பொருளுக்குத் தடை கிடையாது. ஹலால்னா 2022-ல வந்த தேசிய முத்திரையை ஈஸியா படிக்கிற மாதிரி, சுலபமா அழியாத, கிழியாத மாதிரி போடணும். ஹராம் பொருள்ல செஞ்சதுன்னா 'ஹலால் அல்ல'ன்னு வெளிப்படையா சொல்லணும். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் மூணாவதா ஒரு வழியும் உண்டு. ஹலால் மாற்று இன்னும் கண்டுபிடிக்கப்படலன்னா, மூலப்பொருள் எங்கிருந்து வந்ததுங்கிற தகவலோட அது சந்தையில இருக்கலாம்.

லேபிள்ல ஒரு வரி அவ்வளவு முக்கியமான்னு கேட்டா, 2018-ஐப் பாருங்க. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் பாதி நடந்துட்டு இருக்கும்போது, அந்த ஊசி தயாரிப்புல பன்றிப் பொருள் இருக்குன்னும், வேற வழி இல்லாததால அவசியம் கருதிப் போட்டுக்கலாம்னும் உலமா கவுன்சில் தீர்ப்பு சொல்லுச்சு. அனுமதி கிடைச்சும் பல பகுதிகள்ல பெற்றோர்கள் தயங்கினாங்க. ஆச்சே மாகாணத்துல ஊசி போட்ட குழந்தைகளோட எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சுபோச்சு. அந்த ஊசி போனது நம்ம புனேல இருந்து. தகவல் முன்கூட்டியே இருந்தா பேசிப் புரியவைக்க நேரம் கிடைக்கும். நடுவுல வந்தா அது வதந்தி மாதிரிதான் பரவும். நஷ்டம் குழந்தைகளுக்கு.

மலேசியா வேற ரூட் எடுத்துருக்கு. 2019-லயே ஹலால் மருத்துவக் கருவிகளுக்குன்னு எம்எஸ் 2636-ன்னு ஒரு தரநிலை போட்டாங்க, ஆனா அது கட்டாயமில்ல, விரும்பினவங்க எடுத்துக்கலாம். இந்தியாவுல 2017 மருத்துவக் கருவி விதிகள்லயும் இதே ஏ, பி, சி, டி வகுப்புகள் இருக்கு, ஆனா ஹலால் பேச்சு இல்ல. இங்கிருந்து இந்தோனேசியாவுக்கு ஏற்றுமதி பண்றவங்க, இந்தோனேசியா அங்கீகரிச்ச வெளிநாட்டு அமைப்போட சான்றிதழ் வச்சிருந்தா திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஆனா விற்கறதுக்கு முன்னாடி அதை அங்க பதிவு பண்ணியே ஆகணும்.

எனக்கு இதுல ஒரு கவலையும் இருக்கு. பெரிய கம்பெனிக்கு இது இன்னொரு கோப்பு. பத்துப் பேர் வேலை செய்யற காயத்துணிப் பட்டறைக்கு, பஞ்சுல இருந்து பசை வரைக்கும் ஒவ்வொரு சப்ளையர்கிட்டயும் காகிதம் கேட்டு அலையற செலவு பெரிசு. அந்தச் சுமையைக் குறைக்காம கெடுவை மட்டும் பிடிச்சுட்டு நின்னா சின்னவங்கதான் முதல்ல விழுவாங்க. ஆனா அடிப்படைக் கேள்வி எனக்குச் சரியாத்தான் படுது. என் உடம்பைத் தொடுற பொருள் எதுல இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கற உரிமை. அதை மதத்துக்காகக் கேட்கலாம், சைவம்கிறதால கேட்கலாம், அலர்ஜிக்காகவும் கேட்கலாம். பதில் பெட்டி மேலயே இருந்தா போதும்.