வில் ஏன் அதிர்கிறது?

ஆங்கிலப் பலகையைப் பார்த்துப் படித்தால் ‘வில்லுபுரம்’ என்றுதான் வாயில் வரும். தமிழில் அது விழுப்புரம். பெயரில் வில் இல்லாவிட்டாலும், வில்லோடு வாழ்ந்தவர்கள் இந்த வட்டாரத்தில் இருந்திருக்கிறார்கள். இன்று திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்ட கிடங்கில், சிறுபாணாற்றுப்படையில் வருகிற ஊர்; ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனுடையது. அதே பாட்டில் வேலூர் என்றொரு ஊரும் வருகிறது. அங்கே எயினர் வீட்டுப் பெண்கள், வழிப்போக்கரான பாணர்களுக்குப் புளிச்சோறும் காட்டுப்பசுவின் சுட்ட இறைச்சியும் கொடுக்கிறார்கள். எயினர் என்றால் வேட்டுவர்.

வில்லெடுத்த எந்த வேட்டுவருக்கும் ஒரு கவலை உண்டு. அம்பு போய்ச் சேருவதற்குள் நாணின் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் குறுக்குவில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் இன்று இதே தலைவலிதான்.

குறுக்குவில் என்பது துப்பாக்கிக் கட்டை போன்ற ஒன்றின் மேல் வில்லைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும். நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, விசையை அழுத்தினால் குட்டை அம்பு பாயும். நிக்கோபார் தீவுகளில் மரத்தால் செய்த குறுக்குவில்லால் பறவை அடிக்கும் பழக்கம் இருந்தது. இன்றைய வேட்டைக் குறுக்குவில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 120 மீட்டர் போகும். கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறதே! 30 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானின் காதுக்குச் சத்தம் போக, நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அம்பு போகக் கால் நொடி. இடையில் கிடைக்கிற அந்தக் கண்ணிமைப் பொழுதில் மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். அல்லது படக்கூடாத இடத்தில் பட்டு, மான் காயத்தோடு நாள்கணக்கில் அலைந்து சாகும். சத்தத்தைக் குறைக்க அவர்கள் படுகிற பாடெல்லாம் இதற்குத்தான்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? நாணை இழுக்கும்போது நம் கை கொடுத்த சக்தி முழுவதும் வில்லின் இரண்டு கைகளிலும் தேங்குகிறது. விட்டதும் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு போகிறது. அம்பு எடுத்துக்கொள்ளாத மிச்சம் வில்லிலேயே தங்கி, நாணையும் கைகளையும் உதறுகிறது. அந்த உதறல்தான் கையில் அதிர்வு, காதில் சத்தம்.

இதைப் புரிந்துகொண்டால் வைத்தியமும் புரியும். கொஞ்சம் கனமான அம்பைப் போட்டால், அது மெதுவாகக் கிளம்பி, சக்தியை அதிகமாக வாங்கிக்கொண்டு போகும். வேகம் சற்றுக் குறையும். சத்தம் நன்றாகவே குறையும். விலை கொடுத்து ரப்பர் துண்டுகளை வாங்கி ஒட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டியது இதுதான். ஆனால் பெட்டியில் ‘அதிவேகம்’ என்று அச்சிட்டு விற்கிற காலத்தில் கனமான அம்பை யார் கேட்கிறார்கள்?

அடுத்தது, ஸ்க்ரூக்களைப் பார்ப்பது. பழைய மோட்டார் சைக்கிள் மாதிரிதான். குறிபார்க்கும் கண்ணாடி, அம்புக்கூடு, தோள்வாரின் கொக்கி என எது தளர்ந்திருந்தாலும் அது தனியாக ஒரு தாளம் போடும். பிறகு நாணுக்கு மெழுகு. அதற்கப்புறம்தான் ரப்பரின் முறை. நாணில் கட்டும் ரப்பர் குஞ்சம் அதன் துடிப்பை விழுங்கும். வில்லின் கைகளில் ஒட்டும் ரப்பர் அவற்றின் நடுக்கத்தை அடக்கும். நாண் வந்து நிற்குமிடத்தில் வைக்கும் தடுப்பு, அது முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்ளும். ரப்பர் வருவதற்கு முன்பு கம்பளி நூலையும் ரோமத்தையும் கட்டினார்கள். ஆனால் நாணில் ஏற்றுகிற ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தில் கொஞ்சம் கடன் வாங்கும். என்ன செய்தாலும் ஓசையே இல்லாத குறுக்குவில் கிடையாது.

ஒன்றை மட்டும் விளையாட்டுக்குக்கூடச் செய்யக்கூடாது. அம்பு வைக்காமல் நாணை விடுவது. எடுத்துக்கொண்டு போக அம்பு இல்லாததால் சக்தி அத்தனையும் வில்லின் மேலேயே பாய்கிறது. வில்லின் கை விரிசல் விடலாம், சிதறலாம், முகத்தில் தெறிக்கலாம். குறுக்குவில்லில் நாண் ஓடும் பாதைக்கு மேலே கட்டைவிரலை வைத்து விரலைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

யூடியூபில் இந்த வீடியோக்களைப் பார்க்கிற பையன்கள் திண்டிவனத்திலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். காட்டு முயலானாலும் கௌதாரியானாலும் அடிப்பது குற்றம். அடிக்க முயன்று குறி தவறினாலும் குற்றம்தான். சட்டத்தில் முயற்சியும் வேட்டை என்றே சொல்லப்பட்டிருக்கிறது. முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் பக்கமுள்ள கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வலசை வரும் பறவைகளுக்கு முன்னால் சத்தமில்லாத வில் என்பது கள்ளச்சாவிதான்.

ஆனால் வில்வித்தை ஆசையை அடக்க வேண்டியதில்லை. போட்டி மைதானத்தில் இலக்கு ஓடப்போவதில்லை என்றாலும், அதிர்வைக் குறைக்க வீரர்கள் மெனக்கெடுவார்கள். வில்லின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கோல், அதன் நுனியில் எடை, நடுவில் ரப்பர். வில் கையில் ஆடாமல் நிற்பதற்கும், நாளெல்லாம் அம்பு விட்டுவிட்டு முழங்கையும் தோளும் வலிக்காமல் இருப்பதற்கும் இந்த ஏற்பாடு. கப்பி வைத்த ‘காம்பவுண்ட்’ வில்லில், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 5 தங்கத்தையும் இந்தியாவே அள்ளியது 2023-இல். அந்த வில்லுக்கு ஒலிம்பிக்கில் முதன்முறையாக 2028 லாஸ் ஏஞ்சலஸில் இடம் கிடைக்கிறது, கலப்பு அணிப் பிரிவில்.

வில்லின் அதிர்வை வேண்டுமென்றே வரவழைத்தவர்களும் இருக்கிறார்கள். தெற்கே வில்லுப்பாட்டுக்காரர்கள் வில்லில் மணிகளையே கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்கும் வெகுகாலத்துக்கு முன்னால், காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஆடு மாடு மேய்க்கும் ஒருவன் வருகிறான். குமிழ மரத்தின் கொம்பை வளைத்து, மரல் நாரை நாணாகக் கட்டி, அவன் ஒரு வில்யாழ் செய்துவைத்திருக்கிறான். குழல் ஊதிச் சலித்துப்போனால் அதை எடுத்து மீட்டுவான்.