கண்ணுக்குள்ளும் செம்புக் கம்பி, வெள்ளிக் கம்பி உண்டு, தெரியுமா?

கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், உயிரோடு இருக்கும் மனிதரின் தமனியையும் சிரையையும் ஒரு மருத்துவர் நேருக்கு நேர் பார்க்க உடம்பில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது, தெரியுமா? கண்ணின் கருமணி! அதன் வழியே வெளிச்சத்தை உள்ளே விட்டால் பின்சுவரில் விழித்திரை. அதன்மேல் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் ரத்தக் குழாய்கள். இதைப் பார்ப்பதற்கான கருவியை 1851-ல் உலகுக்கு அறிவித்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அந்தக் கருவி வந்த பிறகுதான் கண்ணின் அடித்தளம் மருத்துவர்களின் பார்வைக்கே வந்தது!

அங்கே அவர்கள் கண்டவற்றுக்கு வைத்த பெயர்களைக் கேட்டால் காஞ்சிபுரத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் ஏறியே இருந்தால் விழித்திரைத் தமனியின் சுவர் தடிக்கிறது. சாதாரணமாக அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி. உள்ளே ஓடும் ரத்தம்தான் தெரியும். சுவர் தடிக்கத் தடிக்க அதில் பட்டுத் திரும்பும் ஒளி அகலமாகி, குழாய் செம்பு நிறத்தில் மின்னும். அதற்குப் பெயர் 'செம்புக் கம்பி'. இன்னும் தடித்து, ரத்தமே தெரியாமல் வெளுத்துப் பளபளத்தால் 'வெள்ளிக் கம்பி'! காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் ஓடும் ஜரிகை என்ன? சிவப்புப் பட்டு இழையின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. ஜரிகையில் வெள்ளி இருந்தால் அசல், வெறும் செம்பு இருந்தால் போலி. கண்ணிலோ கணக்கு தலைகீழ்: செம்பு தெரிந்தால் எச்சரிக்கை, வெள்ளி தெரிந்தால் நிலைமை முற்றிவிட்டது! (வயது ஏறினாலும் குழாய் கொஞ்சம் இப்படி மின்னும் என்பதால், இந்த ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து இன்றைய மருத்துவர்கள் தீர்ப்பு எழுதுவதில்லை.)

அதைவிட வியப்பு, குழாய்கள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இருக்கிறது. விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கே சந்திக்கும்போது இரண்டுக்கும் பொதுவாக ஒரே உறை! பெரும்பாலும் தமனி மேலே, சிரை கீழே. அழுத்தத்தால் தடித்த தமனி, மெல்லிய சிரையை நசுக்குகிறது. சிரை அந்த இடத்தில் இடுப்பு ஒடிந்தது போலத் தெரியும். லண்டன் மருத்துவர் மார்கஸ் கன் 1890-களிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். நசுங்கிய இடத்தில் ரத்தம் தேங்கி உறைந்தால், அந்தச் சிரை வடிக்கவேண்டிய பகுதி முழுவதும் ரத்தக் கசிவு, நீர்க்கோர்ப்பு. விழித்திரைச் சிரை அடைப்பு என்பது இதுதான். சர்க்கரை நோய்க்கு அடுத்தபடியாக விழித்திரைக் குழாய்களை அதிகம் கெடுப்பது இதுவே. வலி? துளியும் கிடையாது! இரவு நன்றாகத் தூங்கிக் காலையில் எழுந்தால் ஒரு கண்ணில் மட்டும் புகை மூட்டம். அதையும் பலர் கவனிப்பதில்லை, மற்றொரு கண் சமாளித்துவிடுகிறதே!

ஒற்றைக் கண் என்றதும் காஞ்சிக்காரர்களுக்குச் சிவனடியார் சுந்தரர் நினைவுக்கு வந்திருப்பார். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இழந்தவர். திருவெண்பாக்கத்தில் அவருக்குக் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். இடக்கண் பார்வை திரும்பியது காஞ்சி ஏகாம்பரத்தில்! வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை போகவேண்டியிருந்தது. அடைப்புக்கும் இந்த ஊரில் கதை உண்டு. இங்கே கோயில் கொண்ட உலகளந்த பெருமாள் வாமனராக வந்து மூன்றடி மண் கேட்டபோது, தாரை வார்க்கும் கமண்டலத்தின் மூக்கை வண்டாகப் போய் அடைத்த சுக்கிராச்சாரியார், தர்ப்பை குத்தி ஒரு கண்ணை இழந்தார். குழாயில் அடைப்பு, கண்ணுக்குக் கேடு! புராணத்தை மருத்துவமாக்க நான் வரவில்லை. ஆனால் பொருத்தம் அசரவைக்கிறது.

சிரை அடைத்தால் ஊசி மருந்துக்கும் லேசருக்கும் ஓரளவு நேரம் இருக்கிறது. தமனியே அடைத்தால்? பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவாவில் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே குரங்குகளில் செய்த ஆய்வில், மத்திய விழித்திரைத் தமனியை அடைத்து 97 நிமிடம் வரை விழித்திரை தாக்குப்பிடித்தது. 4 மணி நேரத்தில் பெரும்பகுதி மீளாமல் செத்துவிட்டது. ஆகவே ஒரு கண் திடீரென்று இருண்டால் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்பதற்கு இடமே இல்லை. அது மூளைப் பக்கவாதத்துக்கு ஒப்பான அவசரம்.

இன்னொன்று கேளுங்கள். உயர் ரத்த அழுத்தக்காரர்களின் விழித்திரையைப் பார்த்து, அவர் எத்தனை காலம் இருப்பார் என்றே ஒரு காலத்தில் கணித்தார்கள்! 1939-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கீத், வேகனர், பார்க்கர் மூவரும் விழித்திரை மாற்றங்களை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். குழாய் லேசாகச் சுருங்கியிருந்தால் முதல் படி. கண் நரம்பின் முகப்பே வீங்கியிருந்தால் நான்காம் படி. முதல் படிக்காரர்களில் 70 சதவீதம் பேர் மூன்றாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நான்காம் படியில்? வெறும் 6 சதவீதம்! அன்று சரியான மருந்து இல்லை. பத்தாண்டு கழித்து, 1949-ல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதை 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். இன்று அரசு மருத்துவமனையில் காசில்லாமல் தரும் சின்ன மாத்திரையின் மதிப்பு, அந்த 6 என்ற எண்ணைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கண்ணைப் பார்த்து ஆளைச் சொல்லும் வித்தை இப்போது கணினிக்கும் வந்துவிட்டது. கூகுள் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தால் தலை சுற்றும். விழித்திரைப் படத்தை மட்டும் காட்டினால், அது ஆணா பெண்ணா என்பதை இயந்திரம் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. மேல் ரத்த அழுத்தத்தையும் சராசரியாக 11 புள்ளி வித்தியாசத்துக்குள் ஊகிக்கிறது! அதற்கு முன் 2016-ல் சர்க்கரை நோய்க் கண்களுக்காக அவர்கள் செய்த வேலைக்குப் படங்கள் தந்த மருத்துவமனைகளில் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் உண்டு. அந்த நேத்ராலயாவுக்கும் காஞ்சிக்கும் உறவு இருப்பது தெரியுமா? காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் விடுத்த அழைப்பை ஏற்றுத்தான் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-ல் அதைத் தொடங்கினார்.

சரி, இதெல்லாம் யாருக்கோ வருவது என்று நினைக்கிறீர்களா? தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் என்னும் தொற்றா நோய் ஆய்வுப்படி, பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அதாவது மூன்றில் ஒருவர்! அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு. இந்த நிலையை மாற்றத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டு வாசலிலேயே பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். கதவைத் தட்டினால் 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா' என்று அனுப்பிவிடாதீர்கள். கண் சிவந்தால்தான் பிரஷர் என்ற நம்பிக்கை நம்மூரில் பலமாக இருக்கிறது. அது தப்பு. வெள்ளை விழி பால் போல இருக்கும்போதே உள்ளே கம்பி மின்னிக்கொண்டிருக்கலாம்.

குழித்தறியில் நாள் முழுக்க இழை எண்ணும் நெசவாளருக்குக் கண்தான் முதல். அவருக்கு ஒரு வசதியும் உண்டு: நேர்கோடு நேராகத் தெரிகிறதா என்று கண் மருத்துவர் காட்டும் கட்டம் போட்ட அட்டைக்குப் பதிலாக எதிரே பாவு இருக்கிறது! ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் பாருங்கள்; பிறகு மாற்றிப் பாருங்கள். இழைகள் நெளிந்தோ, நடுவில் கறுத்தோ தெரிந்தால் உடனே கண் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். கடும் தலைவலியோடு பார்வை மங்கினால், கர்ப்பிணிக்குக் கண்முன் பொறி பறந்தால், நேராக அவசரப் பிரிவுக்கு.

பி.பி. உள்ளவர்கள் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், வண்டி ஓட்டாதீர்கள், அன்று ஒரு நாள் தறிக்கு லீவு விடுங்கள்.